அரியாலையிலிருந்து வேலூர் வரை

கண்டி வீதியால் யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, செம்மணி வெளியைத் தாண்டியதும் முதலில் கால் வைக்கும் ஊர் அரியாலை. மாரியில் வயல் பச்சையாய் இருக்கும். கோடையில் உவர் நிலம் வெள்ளை பூத்துக் கிடக்கும். காற்றோடு கடல்நீரேரியின் மணம் வரும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்கு நடந்தது இந்த வீதியால்தான். போனவர்களில் பலர் திரும்பி வந்து விழுந்த வீடுகளைக் கட்டினார்கள். அறுந்த வேலிகளை அடைத்தார்கள். அடைப்பதற்குப் பனையோலை வேண்டும். பனையோலைக்கு யாராவது பனையில் ஏற வேண்டும்.

இந்தக் கட்டுரையும் அப்படி ஒரு பனையடியில்தான் தொடங்குகிறது.

2022 ஆம் ஆண்டு ஆடி மாதம். நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்ற காலம். நெடுங்குளம் பக்கத்தில் நான் வேலை செய்யும் குடும்பங்களில் ஒன்றின் தலைவர் ஓலை வெட்ட ஏறித் தவறி விழுந்தார். அக்கம்பக்கத்தார் கதவொன்றைக் கழற்றி, அதில் கிடத்தி, கிடைத்த வாகனத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். எங்கள் சனத்துக்கு அது எப்போதும் ‘பெரியாஸ்பத்திரி’. பெரியாஸ்பத்திரி அவரின் உயிரைக் காத்தது. ஆனால் முள்ளந்தண்டு வடம் நசிந்திருந்தது. இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை, அசைவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது தாதியர் மனைவிக்குச் சொல்லித்தான் அனுப்பினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், தோலைப் பாருங்கள், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று. அக்கா தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பின்பு செய்யவில்லை. சோம்பல் காரணமல்ல. நாளைக்கு எழும்பி நடக்கப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்ற நினைப்புத்தான் காரணம். மூன்றாம் மாதம் நான் போனபோது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அளவு படுக்கைப் புண்.

“பிள்ளை, வேலூருக்குக் கொண்டு போனால் நடக்க வைச்சுப் போடுவினம் எண்டு சனம் சொல்லுது. என்ரை தாலிக்கொடியை அடைவு வைக்கப் போறன். நீர் கூட வருவீரோ?”

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் செய்த பிழையை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. இவர் இனி நடப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். வைத்திய அறிக்கையில் எழுதியிருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. “வருவன் அக்கா” என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்லும் பாரத்தை வேலூர் மருத்துவர்கள் மேல் இறக்கி வைக்கலாம் என்று நினைத்தேன்.

மானிப்பாய்க்கு ஒரு பஸ் பயணம்

விசாவுக்காகக் காத்திருந்த நாட்களில் ஒரு குடும்பத்தைப் பார்க்க மானிப்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. யாழ் நகரில் பஸ் மாறி மானிப்பாயில் இறங்கினால், கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை கண்ணில் படும். சிறுவயதிலிருந்து எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்றுதான் நின்று பார்த்தேன்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் தன் 25 ஆவது வயதில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர். மானிப்பாயில் மருந்தகம் வைத்துக்கொண்டே நம்மூர் இளைஞர்களுக்கு ஆங்கில மருத்துவம் படிப்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்து முடித்த பலர் நகரத்துக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் போய்விட, கிராமத்தில் நோயாளி நோயாளியாகவே கிடந்தான். இதைக் கண்ட கிறீன் 1864 இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அதற்கு நூல் வேண்டுமே! தம் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு உடலமைப்பு, சத்திர சிகிச்சை, இரசாயனம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ என்பன அவற்றில் சில. அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள். 1873 இல் நாடு திரும்பியவர் 1884 இல் காலமானார்.

சகோதரிகளே, பிள்ளைப்பேறு பற்றிய ஆங்கில மருத்துவ நூலொன்று 1857 இலேயே தமிழில் அச்சாகியிருக்கிறது. நூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நம் பெண்களில் எத்தனை பேர் தங்கள் நோயின் பெயரைக்கூட விளங்காமல், ஒரு துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தபடி வீடு வருகிறார்கள்?

கிறீனுக்கும் முன்னால் வந்தவர் ஜோன் ஸ்கடர். 1820 ஆம் ஆண்டளவில் பண்டத்தரிப்பில் குடியேறிய அவரையே அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி என்பார்கள். 1836 இல் அவர் சென்னைக்கு மாறினார். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர். அந்தப் பேத்தியின் தந்தையார் பிறந்ததும் எங்கள் குடாநாட்டில்தான்.

இதை அறிந்தபோது எனக்கு ஒரு வியப்பு. நாம் ‘கடல் கடந்து வேலூருக்குப் போகிறோம்’ என்கிறோம். வேலூரின் வேரில் ஒன்று பண்டத்தரிப்பு மண்ணில் இருக்கிறது!

மூன்று கதவுத் தட்டல்கள்

ஐடா 1870 இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ்ந்துவிட ஆசைப்பட்ட பெண். தாயாரின் சுகவீனம் காரணமாகத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது ஓர் இரவு மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் ஓர் உயர்குடி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவை வரச் சொல்லிக் கெஞ்சினார்கள். “நான் மருத்துவர் அல்ல, என் தந்தைதான் மருத்துவர்” என்றார் அவர். அந்நிய ஆண் தங்கள் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பினார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த இரவு ஐடாவின் வாழ்க்கையைத் திருப்பியது. அமெரிக்கா திரும்பி, கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899 இல் பட்டம் பெற்று, 1900 இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1902 இல் பெண்களுக்கென ஆஸ்பத்திரி எழுந்தது. தாதியர் பயிற்சி தொடங்கியது. கிராமத்துச் சாலையோரங்களில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். ஆனால் ஒரு பெண் எத்தனை கதவுக்குப் போக முடியும்? கதவு தட்டப்படும் ஊரெல்லாம் ஒரு பெண் மருத்துவர் இருக்க வேண்டும் என்றால் படிப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். 1947 இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சுருக்கமாக சீ.எம்.சி.

இந்தியாவின் முதல் திறந்த இருதய சத்திர சிகிச்சை 1961 இலும், முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971 இலும் அங்கே நடந்தன. தொழுநோயால் மடங்கிய கைகளை நிமிர்த்தும் சத்திர சிகிச்சையை 1948 இல் போல் பிராண்ட் அங்கேதான் தொடங்கினார்.

2023 மாசியில் ஒரு பயணம்

கனடாவில் இருக்கும் உறவினர் பாதி, ஊரவர் சேர்த்தது கொஞ்சம், அக்காவின் தாலிக்கொடி மீதி. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். சென்னையிலிருந்து வேலூர் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். வான் ஒன்றில் அவரைக் கிடத்தி, இடையிடையே நிறுத்திப் புரட்டிவிட்டுக் கொண்டு போனோம். வழியெல்லாம் அக்கா ஒரே கேள்வியைத்தான் கேட்டார். “எத்தினை மாசத்திலை நடப்பார் பிள்ளை?”

வேலூர் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்கள் தனி உலகம். தங்கும் விடுதி, மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை என்று வரிசை. தமிழுக்குச் சமமாக வங்காள மொழி காதில் விழுகிறது. கல்கத்தாவிலிருந்தும், வங்காளதேசத்திலிருந்தும், அசாமிலிருந்தும் கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி சனம். எங்களைப்போல நகையை அடைவு வைத்து வந்த முகங்களை நான் அடையாளம் கண்டேன். விடியற்காலையிலேயே வரிசை. சீட்டு எடுக்க ஒன்று, பணம் கட்ட ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று. சீ.எம்.சி. சொர்க்கம் என்று நான் எழுதப் போவதில்லை. காத்திருந்து கால் வீங்கிய இடம்தான்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்கான புனர்வாழ்வு நிலையம் நகரத்துக்கு வெளியே, பாகாயத்தில், மலை தெரியும் இடத்தில் இருக்கிறது. 1966 இல் தொடங்கிய அந்த நிலையத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. மேரி வர்கீஸ் கேரளத்துப் பெண். சீ.எம்.சி.யில் படித்த இளம் மருத்துவர். 1954 இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். இனி என்ன என்று எல்லோரும் கலங்கியபோது, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்யப் பழகினார். பின்பு அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுவந்து, தன்னைப் போன்றவர்களுக்காக அந்தத் துறையையே கட்டி எழுப்பினார். 1972 இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986 இல் மறைந்தார்.

மூன்றாம் நாள், இளம் பெண் மருத்துவர் ஒருவர் அக்காவைத் தனியே அழைக்கவில்லை. கணவரின் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, இருவரின் கண்மட்டத்துக்கும் தாழ அமர்ந்து சொன்னார்.

“அம்மா, ஐயா மறுபடி நடக்கிறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. அதை மறைச்சா நான் உங்களுக்குத் துரோகம் பண்றேன். ஆனா அவரால உக்கார முடியும், தானே குளிக்க முடியும், சம்பாதிக்க முடியும். அதை நாங்க சொல்லித் தர்றோம். நீங்களும் கத்துக்கணும்.”

அக்கா அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். “உமக்கு முந்தியே தெரியுமோ?” என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாட்களை நான் மறக்க மாட்டேன்.

படிப்பிக்கும் இடம்

மூன்றாம் நாளிலிருந்து அக்கா மாணவியானார். புண்ணுக்கு மருந்து கட்டப் பழகினார். எலும்பு துருத்தும் இடங்களைக் கண்ணாடி வைத்துப் பார்க்கப் பழகினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டுவது, தன் முதுகு நோகாமல் எப்படித் தூக்குவது, நேரம் தவறாமல் சுத்தமான குழாயால் சிறுநீரை எப்படி வெளியேற்றுவது என்று எல்லாவற்றையும் செய்து காட்டினார்கள். பிறகு அவரையே செய்ய விட்டார்கள். கணவர் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறவும், நாற்காலியில் இருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடலை உயர்த்தவும் பழகினார். பக்கத்துக் கட்டில் ஒரிசாக்காரரின் மனைவி அக்காவுக்குச் சைகையில் சொல்லிக்கொடுத்ததும் உண்டு.

அங்கேதான் ‘போதனா வைத்தியசாலை’ என்ற சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவர்கள் மட்டும் படிக்கும் இடம் என்றே நினைத்திருந்தேன். நோயாளியும், அவரைக் கவனிக்கும் மனைவியும், தாயும் படித்து வெளியேறினால்தான் அது முழுமையான போதனை.

உலகத்தின் பெயர்பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பல இந்த வகைதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக், 1889 இல் திறந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரி எல்லாம் இலாப நோக்கற்றவை. சிகிச்சை, கற்பித்தல், ஆய்வு மூன்றும் ஒரே கூரையின் கீழ். வசதியுள்ளவர் கட்டும் பணத்தில் மிஞ்சுவது பங்குதாரர் வீட்டுக்குப் போகாது. படிப்புக்கும் ஆய்வுக்கும் வசதியற்றவரின் சலுகைக்கும் திரும்ப வேண்டும். சீ.எம்.சி.யில் திருச்சபைகளின் ஆதரவில் படிக்கும் மாணவர்கள் பட்டம் பெற்றபின் ஒதுக்குப்புறத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யக் கடமைப்பட்டவர்கள். கணியம்பாடி வட்டாரத்தில் கிராமம் கிராமமாகத் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனிக்கும் சமூக சுகாதாரப் பிரிவு அவர்களுக்கு உண்டு.

ஆய்வு என்றால் நமக்குத் தூரமான சொல். குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்குக் காரணமான ரோட்டா வைரசை வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் பிள்ளைகளின் பின்னால் ஆண்டுக்கணக்காக நடந்து ஆராய்ந்தவர் அங்கே பேராசிரியராக இருந்த ககன்தீப் காங். இந்தியா 2016 இல் தன் தேசியத் திட்டத்தில் சேர்த்த ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தின் பின்னால் அந்த உழைப்பும் இருக்கிறது. 2019 இல் இலண்டன் ரோயல் சொசைற்றி அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்தது. ஒரு தாய் தன் குழந்தையின் வயிற்றோட்டத்தைப் பற்றிச் சொன்னதைப் பொறுமையாகக் குறித்து வைத்ததும் ஆய்வுதான்.

வீட்டருகே இருப்பது

ஏழு வாரத்துக்குப் பின் திரும்பினோம். கணக்குப் பார்த்தால் ஒரு கேள்வி உறுத்துகிறது. அக்கா அங்கே கற்றதில் பெரும்பகுதியைப் பெரியாஸ்பத்திரித் தாதியர் முதலிலேயே சொல்லியிருந்தார்கள் அல்லவா? ஆம். ஒரு சதமும் வாங்காமல் சொன்னார்கள். சொன்னதைக் கேட்க அக்காவின் மனம் அப்போது திறந்திருக்கவில்லை. திறக்க வைக்க வேண்டிய என்னைப் போன்றவர்கள் வாயை மூடியிருந்தோம்.

எங்கள் பெரியாஸ்பத்திரி 1850 இல் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் ‘நட்புறவுச் சங்கம்’ ஒன்றின் தரும ஆஸ்பத்திரியாகத் தொடங்கி, 1907 இல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் கிடைத்ததும் போதனா வைத்தியசாலை ஆனது. 1987 ஒக்டோபர் 21, 22 ஆம் திகதிகளில் அதன் மருத்துவர்களும் தாதியரும் நோயாளரும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். பிறகும் அது மூடவில்லை. மருந்துத் தடையிலும் மின்சாரம் இல்லாத இரவுகளிலும் மருத்துவ பீடம் மருத்துவர்களை உருவாக்கியது. அங்கே சமூக மருத்துவப் பேராசிரியராக இருந்த சிவஞானசுந்தரம், ‘நந்தி’ என்ற பெயரில் தமிழில் கதையும் நாவலும் எழுதியவர். மருத்துவரும் எழுத்தாளரும் ஒரே ஆளாக இருக்க முடியும் என்று காட்டியவர். 2020 இல் கொரோனா வந்தபோது வடக்கின் மாதிரிகளைப் பரிசோதித்ததும் அந்தப் பீடத்தின் ஆய்வுகூடம்தான்.

வேலூர் தேவையில்லை என்று சொல்லவில்லை. சில நோய்க்குத் தேவைப்படலாம். போகுமுன் நமது வைத்தியரிடம், “இங்கே செய்யக்கூடியது என்ன, அங்கே மட்டும் செய்யக்கூடியது என்ன?” என்று கேளுங்கள். விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். “தமிழிலை ஒருக்கால் சொல்லுங்கோ ஐயா” என்று கேட்பதில் வெட்கம் இல்லை. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் மானிப்பாயில் ஒரு வெளிநாட்டார் அதற்காகவே தமிழ் படித்தார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே கூடி நடத்தும் ‘உயிரிழை’ அமைப்பு மாங்குளத்தில் இருக்கிறது. அவர்களைப் போல அனுபவித்தவர்கள் சொல்வது நம் சனத்துக்கு மற்ற எவர் சொல்வதையும்விட விரைவில் ஏறும்.

இப்போது அந்த வீட்டு முற்றத்தில் சீமெந்துச் சரிவுப் பாதை இருக்கிறது. ஊர் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் கொடுத்தது. அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி சைக்கிள் திருத்துகிறார். புண் ஆறி, வடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. தாலிக்கொடி இன்னும் அடைவில்தான். மாதாமாதம் வட்டி கட்டுகிறார்கள்.

போன வைகாசியில் மணியந்தோட்டத்தில் ஒரு பெடியன் மோட்டார் சைக்கிள் விபத்தில் முள்ளந்தண்டு முறிந்து பெரியாஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தான். தாய், “வேலூருக்குக் கொண்டு போகலாமோ?” என்று என்னிடம் கேட்டார். இந்தமுறை நான் மௌனமாக இருக்கவில்லை. வைத்தியர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு நெடுங்குளத்து அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா கட்டிலருகே போய், பெடியனின் சாரத்தை மெல்ல விலக்கி, கையோடு கொண்டுவந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாயின் கையில் கொடுத்தார்.

“இஞ்சை பார் தங்கச்சி. இந்த இடம் சிவந்திருக்கோ எண்டு விடியவும் பின்னேரமும் பார்க்க வேணும். வா, நான் காட்டித் தாறன்.”